ஸ்கேன் செய்த பாடக் குறிப்பைத் திரைவாசிப்பான் வாசிக்கும்படி ஆக்குவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், லாபிஸ் போன்ற தோட்டப் பட்டணங்களில் பாடக் குறிப்புகள் கைமாறுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். யாராவது ஒருவர் தம்மிடம் உள்ள பயிற்றியை (பயிற்சி நூலை) போட்டோஸ்டேட் கடையில் கொடுத்து ஸ்கேன் எடுப்பார், பி.டி.எஃப். ஆக்கிப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிடுவார். கண் தெரிந்த மாணவருக்கு அது போதும். பார்வையற்ற மாணவர் அதே கோப்பை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானில் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெறுமைதான். நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கணினிக்கு வெறும் படம். பார்வை மங்கிய மாணவர் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து கரைந்துபோகிறது. டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிரமம்) உள்ள பிள்ளைக்குக் கைப்பேசியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், வாசிக்க அதில் ஒன்றுமே இல்லை.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது எழுத்துணரி மென்பொருள். ஓ.சி.ஆர். என்றால் பலருக்கும் தெரியும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அழுத்த வேண்டிய பொத்தானும் ஒன்றுதான். பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதால்தான் பல கோப்புகள் யாருக்கும் உதவாமல் கிடக்கின்றன. மாணவரின் காதில் பாடம் பிழையில்லாமல் விழ வேண்டும். அதுவரை வேலை முடியவில்லை.

முதலில் கோப்பைச் சோதியுங்கள்

கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் சுட்டியை இழுத்துப் பாருங்கள். சொல் தேர்வாகாமல் பக்கம் முழுவதும் ஒரே கட்டமாக நீலமானால் அது படம், எழுத்துணரி தேவை. சொல் தேர்வானால் அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் உங்கள் வேலையில் பெரும்பகுதி குறைந்தது. பிழை பார்க்கும் மெய்ப்புப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். திரையில் அழகான தமிழ் தெரியும், சொல்லும் தேர்வாகும், ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடுமாகக் கொட்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு அது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகளையே ஒவ்வொன்றாக வாசிக்கும். பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் தமிழ்ப் பயிற்றிகளில் இது சாதாரணம். மூல வேர்ட் கோப்பு கிடைத்தால் அந்த எழுத்துருவுக்குரிய யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்கலாம். பி.டி.எஃப். மட்டுமே இருந்தால் பக்கங்களை முதலில் படங்களாகச் சேமித்து, அந்தப் படங்களை எழுத்துணரிக்குக் கொடுங்கள். நேராக பி.டி.எஃப்-ஐக் கொடுத்தால், உள்ளே ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று எண்ணி மென்பொருள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

எழுத்துணரிக்குப் போகுமுன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. "டீச்சர், நீங்கள் டைப் பண்ணிய வேர்ட் ஃபைல் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். அச்சடித்த கடையிலும் கேளுங்கள். பல கடைகளின் கணினியில் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கும். மூலக் கோப்பு கிடைத்தால் அதைவிடச் சிறந்த எழுத்துணரி எதுவும் இல்லை.

ஸ்கேன் எடுக்கும்போது

எழுத்துணரியின் தரம் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. கையில் இருப்பது நகலின் நகலாக இருந்தால், அதற்கு முந்தைய நகல் யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொரு தடவை நகலெடுக்கும்போதும் கோடுகள் தடிக்கின்றன. ண, ன ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன, மெல்லிய புள்ளிகள் காணாமல் போகின்றன.

அளவு 300 டி.பி.ஐ., அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். அடிக்குறிப்பு, அட்டவணை, அகராதிப் பக்கம் போன்ற பொடி எழுத்துக்கு 400. அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும், துல்லியம் கூடுவதில்லை. நிறம் சாம்பல். கறுப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம். கறுப்பு வெள்ளையில் எடுக்கும் இயந்திரம் மங்கலானதையெல்லாம் வெள்ளை என்று முடிவுகட்டிவிடும், தமிழில் அதற்கு முதல் பலி மெய்யெழுத்தின் புள்ளி. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் எச்சரிக்காது. கடையில் உள்ள இயந்திரம் பொதுவாகக் கோப்பைச் சிறிதாக்கும்படி 200 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை என்று அமைக்கப்பட்டிருக்கும். "திகா ராத்துஸ் டி.பி.ஐ., ஸ்காலா கெலாபு" (300 டி.பி.ஐ., சாம்பல் நிறம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எடுத்த முதல் பக்கத்தைத் திறந்து பெரிதாக்கிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

சுருள் கம்பியோ பிளாஸ்டிக் சீப்போ போட்ட பயிற்றியானால் அதைக் கழற்றித் தனித்தாளாக்குவது நல்லது. ஸ்டேப்பிள் ஊசிகளையும் எடுத்துவிடுங்கள். தாளிழுக்கும் இயந்திரத்தில் ஓர் ஊசி சிக்கினால் கண்ணாடியில் கீறல் விழும், பிறகு எடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நெட்டுக்கோடு வரும். அந்தக் கோடு எழுத்துணரிக்குத் துணைக்காலாகத் தெரியும். தைத்த புத்தகமானால் தட்டைக் கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் வைத்து, முதுகுப் பகுதியை அழுத்திப் பிடியுங்கள். முதுகருகே வளையும் வரிகளில்தான் பிழை மொய்க்கும். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க அச்சு முன்னால் தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பழுப்பேறிப் பூஞ்சைப் புள்ளி விழுந்த தாள்களுக்குச் சாம்பல் நிற ஸ்கேன்தான் காப்பு. புள்ளிகளை வெளுக்கும் வேலையைப் பிறகு கணினியில் கட்டுப்பாட்டோடு செய்துகொள்ளலாம்.

ஸ்கேனர் இல்லையென்றால் கைப்பேசியே போதும், சில நிபந்தனைகளுடன். ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில் எடுத்தால் 2480க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 8.7 மில்லியன். 12 மெகாபிக்சல் கேமராவில் தாள் சட்டம் முழுவதையும் நிறைத்தால் இது கிடைத்துவிடும். தாள் சட்டத்தின் பாதி நீளத்துக்கே நின்றால் 170 டி.பி.ஐ. அளவுக்கு இறங்கிவிடும். சன்னல் ஓரத்தில், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், வழவழப்பான தாளில் நடுவே வெள்ளை வட்டம் விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஸ்கேன் செயலிகள் தாமாகவே தாளைப் பளிச்சென்று வெளுக்கும் வடிகட்டியைப் போடும். பார்வைக்கு அழகு, புள்ளிகளுக்குக் கேடு. 'ஒரிஜினல்' அல்லது சாம்பல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எடுத்த படங்களைப் புலனத்தில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கியே அனுப்பும், சுருக்கத்தில் இழந்ததை மீட்க முடியாது. 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்புங்கள்.

பக்கத்தை நேராக்குதல்

எழுத்துணரிக்குக் கொடுக்குமுன் பக்கம் நிமிர்ந்து, வரிகள் கிடையாக, ஓரக் கறுப்பு இல்லாமல் இருக்க வேண்டும். காரணம் மென்பொருள் வேலை செய்யும் முறை. இலவச எழுத்துணரிகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது டெசராக்ட் என்ற நிரல். எச்.பி. நிறுவனத்தில் 1985இல் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து அது நரம்பு வலை கொண்டு ஒரு முழு வரியை ஒன்றாக எடுத்து வாசிக்கிறது. வரி சாய்ந்திருந்தால் மேல் வரியின் கொம்பும் கீழ் வரியின் சுழியும் ஒரே பட்டைக்குள் வந்து குழப்பும். நகலெடுத்த கறுப்பு ஓரமும், கோப்பில் போடக் குத்திய துளையும் எழுத்தாக வாசிக்கப்படும்.

சில பக்கங்களே என்றால், ஸ்கேன் படங்களைக் கையாளும் நாப்ஸ்2 மென்பொருளிலேயே சுழற்றி, நிமிர்த்தி, வெட்டிவிடலாம். இரண்டு பக்கம் ஒரே படத்தில் இருக்கும் முழுப் புத்தகமானால் ஸ்கேன்டெய்லர் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பக்கத்தைப் பிரிப்பது, சாய்வு நிமிர்த்துவது, ஓரம் வெட்டுவது எல்லாவற்றையும் வரிசையாகச் செய்யும். பிரிக்காமல் விட்டால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒரே வாக்கியமாகக் கோத்து வரும். அதை மெய்ப்பில் பிரிப்பதைவிட மீண்டும் ஸ்கேன் எடுப்பது எளிது.

எழுத்துணரியை ஓட்டுதல்

இரண்டு வழிகளைச் சொல்கிறோம். எதை எடுப்பது என்பது பக்கத்தைப் பொறுத்தது.

நாப்ஸ்2 இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். நிறுவியதும் ஓ.சி.ஆர். பொத்தானை அழுத்தி, கூடுதல் மொழிகளைப் பெறும் இடத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஒருமுறை மட்டும் இணையம் தேவை. படங்களை இழுத்துப் போட்டு, வரிசை சரிபார்த்து, மொழியைத் தேர்ந்து, முறையை 'பெஸ்ட்' என்று வைத்து பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். பக்கத்தின் படம் மேலே அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் ஒன்று அதன் அடியில் சேரும்.

மொழித் தேர்வில் கஞ்சத்தனமாக இருங்கள். பக்கத்தில் உள்ள மொழியை மட்டும் தேருங்கள். தமிழ் இலக்கணப் பக்கத்துக்கு மூன்று மொழியையும் சேர்த்துவிட்டால் 'ப' எங்கோ ஆங்கில எழுத்தாகவும், 'ட' எங்கோ எல் எழுத்தாகவும் வரும். மலாயும் ஆங்கிலமும் அடுத்தடுத்து வரும் கணித, அறிவியல் தாளுக்கு அந்த இரண்டை மட்டும். மலாய்ப் பக்கத்துக்கு ஆங்கிலம் மட்டும் போதுமே, எழுத்து ஒன்றுதானே என்று தோன்றும். எழுத்து ஒன்றுதான், ஆனால் மென்பொருள் தான் பழகிய சொற்கள் பக்கம் சாயும். மங்கலான மலாய்ச் சொல்லை அதற்கு நெருங்கிய ஆங்கிலச் சொல்லாகத் திருத்தி வைத்துவிடும்.

இரண்டாவது வழி கூகுள் டிரைவ். படத்தை ஏற்றி, வலச்சொடுக்கி, 'ஓப்பன் வித்' பட்டியலில் 'கூகுள் டாக்ஸ்' தேர்ந்தால் படமும் அதன்கீழ் எழுத்தும் வரும். கூகுளின் அறிவுரைப்படி கோப்பு 2 மெகாபைட்டுக்குள்ளும், எழுத்து குறைந்தது 10 பிக்சல் உயரமாகவும், பக்கம் நிமிர்ந்தும் இருக்க வேண்டும். ஆகவே 60 பக்கக் கோப்பை மொத்தமாக ஏற்றாமல் பக்கம் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். மங்கிய தமிழ்த் தாளுக்கு எங்கள் தேர்வு இதுதான். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை எழுத்தாக்கவும் கூகுளின் எழுத்துணரியே பெரிதும் பயன்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அட்டவணை, இரட்டைப் பத்தி, அடிக்குறிப்பு எல்லாம் அதில் குலைந்துபோகும். மாணவர் பெயர், அடையாள அட்டை எண், மதிப்பெண் உள்ள தாள்களை அங்கே ஏற்றவே கூடாது. அவற்றுக்கு நாப்ஸ்2தான்.

அட்டவணையும் இரட்டைப் பத்தியும் உள்ள பக்கத்துக்கு ஜி-இமேஜ்ரீடர் உதவும். அதுவும் டெசராக்டில் ஓடும் இலவச மென்பொருள். பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, எது முதலில் எது பிறகு என்று நீங்களே வரிசை கொடுக்கலாம்.

என்விடிஏ உள்ளேயே ஓர் எழுத்துணரி வசதி இருக்கிறது, என்விடிஏ விசையும் (பொதுவாக இன்செர்ட்) ஆர் விசையும் சேர்ந்தால் அது ஓடும். அது விண்டோஸின் எழுத்துணரியைக் கொண்டு வேலை செய்கிறது, விண்டோஸின் எழுத்துணரிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தில் அதை நம்ப வேண்டாம்.

மெய்ப்பு

நேரத்தின் பெரும்பங்கு இங்கேதான் போகும், போகவும் வேண்டும். 98 விழுக்காடு துல்லியம் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். 1,500 எழுத்து உள்ள ஒரு பக்கத்தில் அது 30 பிழை. கண் தெரிந்தவர் வாக்கியத்தின் போக்கை வைத்துச் சரியாக ஊகித்துவிடுவார். பாடத்தை முதல் முறையாகக் காதால் கேட்கும் மாணவர் எதை வைத்து ஊகிப்பார்?

தமிழில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தேடல் பெட்டியிலேயே பாதியைப் பிடிக்கலாம். புள்ளியோ கொக்கியோ ஏறும்போது ரகரமும் துணைக்காலும் அச்சில் பெரும்பாலும் ஒரே வடிவம். ஆகவே 'ரி' வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் கொக்கியும் சேர்ந்த 'ாி' வந்திருக்கும். பார்த்தால் வேறுபாடே தெரியாது, திரைவாசிப்பான் மட்டும் தடுக்கி விழும். 'ாி', 'ாீ', 'ா்' மூன்றையும் தேடி 'ரி', 'ரீ', 'ர்' என்று மாற்றிவிடுங்கள். சரியான தமிழில் இந்தச் சேர்க்கைகளுக்கு இடமே இல்லை என்பதால் மொத்தமாக மாற்றுவதில் ஆபத்தில்லை. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்றும், 'ஔவை' என்பது 'ஒளவை' என்றும் வரும். இவற்றை மட்டும் சொல் சொல்லாக மாற்றுங்கள். 'ஒள' எல்லாவற்றையும் 'ஔ' ஆக்கினால் 'ஒளி' கெட்டுவிடும். தமிழ் எண்களான ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ என்பவற்றைப் போலவே இருப்பதால் அவையும் நுழைந்திருக்கலாம், நான்கையும் தேடுங்கள்.

தேடலில் அகப்படாத பிழைகள் மூன்று. புள்ளி விழுந்துபோவது ஒன்று. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுவது இன்னொன்று: 'கெடு', 'கேடு' இரண்டும் சொற்களே. மூன்றாவது ண, ன மாற்றம்: 'மணம்', 'மனம்'. இவற்றுக்கு மூலத்தைப் பார்த்தபடி எழுத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கணினியை வாசிக்கவிட்டு, கண்ணை ஸ்கேன் படத்தில் வையுங்கள். காதும் கண்ணும் முரண்படும் இடத்தில் நிறுத்தித் திருத்துங்கள். திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட இது விரைவாகவும் நடக்கும், அதிகப் பிழையையும் பிடிக்கும்.

இனி வரி முடிவு. தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை இணைகோடு இல்லாமலே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். எழுத்துணரி ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகவே தரும், ஆகவே 'மாண' ஒரு வரியிலும் 'வர்கள்' அடுத்த வரியிலுமாக நிற்கும். திரைவாசிப்பான் அதை இரண்டு சொல்லாக, நடுவில் மூச்சு விட்டு வாசிக்கும். வேர்டில் உண்மையான பத்தி முடிவுகளில் எல்லாம் முதலில் மூன்று நட்சத்திரக் குறி போடுங்கள். பிறகு தேடி மாற்றும் பெட்டியின் 'ஸ்பெஷல்' பட்டியலிலிருந்து பத்திக் குறியைத் தேர்ந்து, அனைத்தையும் ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியாக நட்சத்திரங்களைப் பத்திக் குறியாகத் திருப்புங்கள். உடைந்த சொற்களை இதற்குப் பின் கையால்தான் சேர்க்க வேண்டும். செய்யுளில் இதைச் செய்யாதீர்கள்; அடி எங்கே முடிகிறது என்பது அங்கே பாடத்தின் பகுதி. சீர் பிரிப்பையும் மூலத்தில் உள்ளபடியே விடுங்கள்.

பழைய நூலின் நகல் என்றால் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா சுழித்தும் இருக்கும். ஒகர ஓகார வரிசையையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்து. இன்றைய எழுத்துருவில் பழகிய எழுத்துணரி இவற்றைக் கண்டபடி வாசிக்கும். ஒரு நூலுக்குள் பிழை பெரும்பாலும் ஒரே மாதிரியாகத் திரும்பி வரும் என்பது ஆறுதல். முதல் இரண்டு பக்கத்தில் எது எதுவாக வருகிறது என்று குறித்துக்கொண்டால் மீதியைத் தேடி மாற்றலாம்.

கேள்வித் தாள்களுக்குத் தனிக் கவனம்

கடந்த ஆண்டுத் தேர்வுத் தாள்கள்தான் எல்லாரும் முதலில் கேட்பவை. எழுத்துணரி அதிகமாக ஏமாற்றுவதும் அவற்றில்தான். 'கோடிடப்பட்ட சொல்லின் பொருள் யாது?' என்ற கேள்வியில், எழுத்துணரி கோட்டைக் கொண்டுவராது. கேள்வி முழுதாக இருக்கும், விடையளிக்க வழியிருக்காது. அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் 'கோடு தொடக்கம்', 'கோடு முடிவு' என்று எழுத்திலேயே சேருங்கள். தடித்த எழுத்தை நம்பிக் கேட்கும் கேள்விக்கும் இதே முறை. நிரப்ப வேண்டிய இடத்தில் உள்ள நீண்ட அடிக்கோட்டை அழித்து 'வெற்றிடம்' என்று எழுதுங்கள், இல்லையேல் 'அடிக்கோடு அடிக்கோடு அடிக்கோடு' என்று காது வலிக்கக் கேட்க வேண்டிவரும். விடைத் தெரிவுகளின் ஏ எழுத்து நான்காகவும், டி எழுத்து சுழியமாகவும் மாறியிருக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு தெரிவும் வரிசையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இணைத்துக் காட்டும் கேள்வியில் இடப்பக்கப் பட்டியல் முழுவதும் முதலில், வலப்பக்கப் பட்டியல் அதன் பிறகு என்று எழுதிவிடுங்கள். கணிதச் சமன்பாட்டை எழுத்துணரியிடம் விடவே வேண்டாம். அடுக்குக் குறியை இறக்கிச் சாதாரண எண்ணாக்கிவிடும், எக்ஸ் வர்க்கம் எக்ஸ் இரண்டாகும். வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் மீண்டும் எழுதுங்கள், என்விடிஏயில் மேத்கேட் கூடுதல் நிரல் இருந்தால் அதை வாசிக்கும். மாணவர் விரும்பினால் சொற்களாகவே எழுதிக் கொடுக்கலாம்.

வரைபடமும் படமும் வந்தால் மாற்று விளக்கம் தேவை. கேள்வி எதைக் கேட்கிறதோ அதற்குத் தேவையானதை எழுதுங்கள், விடையை எழுதிவிடாதீர்கள். பட்டை வரைபடத்தைப் பற்றி நான்கு வரி வர்ணிப்பதைவிட, அதில் உள்ள எண்களை ஒரு சிறு அட்டவணையாகக் கொடுப்பது மேல். ஓரத்தில் அழகுக்காக வரைந்த பூவை விட்டுவிடலாம்.

வேர்ட் கோப்பாக்குதல்

நாப்ஸ்2 தரும் பி.டி.எஃப். பார்வை மங்கிய மாணவருக்கும், பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொல் தேட விரும்புபவருக்கும் நல்லது. அதன் எழுத்துப் படலம் கண்ணுக்குத் தெரியாததால் அதில் உள்ள பிழையும் தெரியாது, திருத்துவதும் கடினம். தலைப்பு, பட்டியல் என்ற அமைப்பு எதுவும் அதில் இல்லை. திரைவாசிப்பானில் படிப்பவருக்குத் திருத்திய எழுத்தை வேர்டில் வைத்துக் கொடுங்கள். இரண்டும் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் கொடுங்கள்.

வேர்டில் அலகின் பெயருக்குத் 'தலைப்பு 1' பாணி, உட்பிரிவுக்குத் 'தலைப்பு 2'. எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பாகாது. திரைவாசிப்பான் பாணியைத்தான் பார்க்கிறது. அட்டவணையில் முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறியுங்கள், கட்டங்களை ஒன்றிணைக்காதீர்கள். மூலப் புத்தகத்தின் பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் 'பக்கம் 47' என்று தனி வரியாகச் சேருங்கள். வகுப்பில் ஆசிரியர் பக்கம் சொல்லும்போது மாணவர் மற்றவர்களோடு சேர்ந்து அங்கே போக வேண்டும் அல்லவா?

மொழிக் குறிப்பை எல்லாரும் மறக்கிறார்கள். 'ரிவியூ' பட்டியலில் மொழி அமைப்பில், தமிழ்ப் பத்திக்குத் தமிழ், மலாய்ப் பத்திக்கு மலாய் என்று குறித்துவிட்டால் என்விடிஏ தானே குரலை மாற்றிக்கொள்ளும். குறிக்காவிட்டால் மலாய் வாக்கியத்தை ஆங்கில உச்சரிப்பில் வாசிக்கும். கேட்பவர் பாடத்தை விட்டுவிட்டுச் சொல்லைக் கண்டுபிடிப்பதில் களைத்துப்போவார். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் மலாயும் உண்டு. இயந்திரத் தன்மை பிடிக்காதவர்கள் விண்டோஸ் மொழி அமைப்பில் பேச்சுக் கூறுகளை இறக்கிக்கொண்டால் தமிழுக்கு 'வள்ளுவர்', மலாய்க்கு 'ரிஸ்வான்' குரல் கிடைக்கும். ஆண்டிராய்டு கைப்பேசியில் கூகுளின் பேச்சுச் சேவை இரண்டு மொழியையும் பேசும்.

எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும்: நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் எதுவும் சரி. பார்வை மங்கியவருக்கு 18 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி என்று தொடங்கி, அவரிடமே கேட்டு மாற்றுங்கள். பி.டி.எஃப். ஆக்கும்போது 'சேவ் அஸ்' வழியாகப் போய், அணுகலுக்கான அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் கட்டத்தைத் தேர்ந்திருங்கள். 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' போட்டால் நீங்கள் போட்ட தலைப்புகள் எல்லாம் போய்விடும். இப்படிச் சுத்தமான யூனிகோடு எழுத்து கிடைத்துவிட்டால் பிரெய்ல் காட்சிப் பட்டையிலும் அதே கோப்பு ஓடும். என்விடிஏயில் தமிழ் பிரெய்ல் அட்டவணை இருக்கிறது.

உரிமை பற்றி

1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலேசியா மர்ராகேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்தது, அது ஜூன் 30 முதல் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக அணுகத்தக்க படிகளை உருவாக்க வழிவகுக்கும் உடன்படிக்கை அது. ஊரில் உள்ள எல்லாருக்கும் இலவசப் புத்தகம் கொடுப்பதற்கான வழி அல்ல. ஆகவே விலைக்கு விற்கும் பயிற்றியை எழுத்தாக்கினால் தேவைப்படும் மாணவருக்கு நேரில் கொடுங்கள், பொதுப் புலனக் குழுவில் போடாதீர்கள். அமைப்பு வழியாகச் செய்ய விரும்பினால் 1951இல் தொடங்கப்பட்ட, பிரிக்பீல்ட்சில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையோ, 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லத்தையோ அணுகலாம்.

கொடுக்குமுன் காதால் சோதனை

திரையை அணைத்துவிட்டு என்விடிஏயைத் திறங்கள். வேர்டில் என்விடிஏ விசையும் இடைவெளி விசையும் அழுத்தி உலாவல் நிலைக்குப் போய், எச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவுங்கள். டி (T) விசை அட்டவணைக்குக் கொண்டுபோகும், ஜி விசை படத்துக்கு. மூன்றாம் அலகின் ஐந்தாம் கேள்வியை விசைப்பலகையால் மட்டும் உங்களால் அடைய முடிகிறதா? அடைந்ததும், கேட்டதை வைத்து விடை சொல்ல முடிகிறதா? முடியாத இடம் எதுவோ அங்கே திருத்தம் பாக்கி.

வேலை அதிகமாக இருந்தால் மூவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஸ்கேன், ஒருவர் திருத்தம், மூன்றாமவர் மூலத்தைப் பார்த்துக் கேட்பது. திருத்தியவரே கேட்டுச் சோதித்தால் தம் பிழையைத் தாண்டிப் போய்விடுவார். முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் கொடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரம் வகுப்பில் நடக்கப்போகும் அலகை முதலில் முடித்துக் கொடுங்கள்.

கோப்புக்குப் 'படிவம்5_வரலாறு_அலகு3_பக்கம்40-58' என்பதுபோல் உள்ளே திறக்காமலே புரியும் பெயர் வையுங்கள். அசல் ஸ்கேன் படங்களை அழிக்காமல் தனி உறையில் வைத்திருங்கள். மாணவர் ஒரு பிழையைச் சொன்னால் அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, வேர்ட் மூலத்தில் திருத்தி, பி.டி.எஃப்-ஐ மீண்டும் எடுத்து, பெயரின் முடிவில் திருத்திய தேதியைச் சேர்த்து அனுப்புங்கள்.